கீழத்தஞ்சையில் மூளாத போர்

1948 முதல் 1951 வரை தஞ்சை மாவட்டத்தின் கிழக்குத் தாலுக்காக்களில் ஓர் உள்நாட்டுப் போருக்கு வேண்டியவை எல்லாம் சேர்ந்திருந்தன. நிலம் ஒரு பக்கமும் உழைப்பு மறு பக்கமும் நின்றன. அவற்றைப் பிரித்த கோட்டின் மேலேயே சாதிக்கோடும் ஓடியது. இரு தரப்புக்கும் சங்கம் இருந்தது, ஆள்பலம் இருந்தது, பழிவாங்கக் காரணங்களும் இருந்தன. ஆயுதப் புரட்சியே வழி என்று ஒரு கட்சி மாநாடு கூட்டித் தீர்மானித்திருந்தது. அதை எதிர்கொண்ட அரசு விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆன அரசு. அதன் அரசியல் சட்டம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. ஆனாலும் அங்கே போர் மூளவில்லை. கோடியக்கரையிலிருந்து கடல்வழி ஐம்பது கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் இலங்கையில் அது மூண்டது. 1931-லேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற, அந்நாளில் ஆசியாவின் முன்மாதிரி ஜனநாயகம் என்று பேசப்பட்ட நாடு அது. 26 ஆண்டுகள் நீடித்த அந்தப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

பிளவின் ஆழத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்காது. கீழத்தஞ்சையின் பிளவு ஆழமானதுதான். நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் நிலம் ஏக்கரில் பேசப்படவில்லை, வேலியில் பேசப்பட்டது. ஒரு வேலி என்பது 6 ஏக்கர் 67 சென்ட். நூறு வேலி, ஆயிரம் வேலி என்று வைத்திருந்த மிராசுதார்களும், அவர்களுக்குச் சற்றும் குறையாத மடங்களும் கோயில்களும் அங்கே இருந்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் தண்ணீர் உறுதியானது. நிலத்தின் மதிப்பு ஏறியது, உழுதவனின் நிலை ஏறவில்லை. பண்ணையாள் பெரும்பாலும் பட்டியல் சாதிக்காரர். குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அந்தப் பகுதியின் முதியவர்களுக்கு இன்றும் விளக்க வேண்டாத சொற்கள். மாவட்டத்தின் மேற்கே சிறு நிலக்காரர்களும் குத்தகைதாரர்களும் நடுவில் நின்று முனையை மழுக்கினார்கள். கிழக்கே அந்த நடுப்பகுதி மெலிந்திருந்தது.

1940-களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி இங்கே அனுப்பிய அமைப்பாளர் பி. சீனிவாசராவ். தென்கன்னடப் பகுதியில் பிறந்த பிராமணர். சேரியில் தங்கி, அங்கேயே உண்டு, மடத்து நிலங்கள் நிறைந்த தென்பரையில் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். 1944-இல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் ஏற்பட்ட ஒப்பந்தம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தச் சொன்னது. மாட்டை அடிப்பதுபோல மனிதனை அடிக்கக்கூடாது என்பதற்கு எழுத்தில் ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டது என்பதே அந்தக் காலத்தின் நிலவரம்.

1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் இரண்டாம் மாநாடு, வந்திருப்பது உண்மையான விடுதலை அல்ல என்று கூறிக் கிளர்ச்சிப் பாதையைத் தேர்ந்தது. தெலங்கானாவில் ஏற்கெனவே துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருந்தன. தஞ்சையில் தலைவர்கள் தலைமறைவானார்கள். மலபார் சிறப்புப் போலீஸ் ஊர்களில் முகாமிட்டது, 'எம்.எஸ்.பி.' என்ற மூன்றெழுத்துக்கே சேரிகள் காலியாகின. சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு சிறையில் இறந்தார். தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கத் தலைவரான கணபதியை 1949 மே மாதம் ஆங்கிலேயர் கோலாலம்பூரில் தூக்கிலிட்டனர். அந்தச் செய்தி அவரது மண்ணில் வந்து இறங்கியது. 1950 பிப்ரவரி 11 அன்று, நாடு குடியரசாகிப் பதினாறு நாளே ஆகியிருக்க, சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இந்த இடத்திலிருந்து பல நாடுகள் திரும்பி வரவில்லை. கீழத்தஞ்சை திரும்பி வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் தோற்றார்கள் என்பது அதற்குப் பாதிக் காரணம். தோற்றவர்கள் போக ஓர் இடம் இருந்தது என்பது மறுபாதி. 1951-இல் கட்சி தன் பாதையை மாற்றிக்கொண்டு தேர்தலுக்கு வந்தது. நேற்றுவரை தேடப்பட்டவர்கள் வேட்பாளர்களாக நின்றார்கள். பண்ணையாளும் மிராசுதாரும் முதன்முறையாக ஆளுக்கு ஒரே ஒரு வாக்குடன் சாவடிக்குப் போனார்கள். சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152-தான் பெற்றது. கம்யூனிஸ்டுகள் 62 பெற்று முதன்மை எதிர்க்கட்சியானார்கள். தஞ்சை மாவட்டமும் அந்த எண்ணிக்கைக்குத் தன் பங்கைக் கொடுத்தது.

அடுத்து நடந்தது இன்னும் வியப்பானது. பெரும்பான்மை இல்லாத காங்கிரசைக் காப்பாற்ற, தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை வழியாக முதலமைச்சராக்கப்பட்டார். ஜனநாயக முறைக்கு அது அழகான தொடக்கம் அல்ல. கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று அவர் சட்டமன்றத்தில் அறிவிக்கவும் செய்தார். அதே ராஜாஜி 1952 ஆகஸ்டில் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிறகு அது முழுச் சட்டமானது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருப்பவர்களை அது கட்டுப்படுத்தியது. குத்தகைச் சாகுபடியாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்தது. நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்றுவதைத் தடுத்தது. வழக்குக் கேட்கச் சமரச அதிகாரிகளை அமர்த்தியது. மிராசுதார்கள் கொதித்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ராஜாஜியின் கட்சிக்காரர்கள்.

இந்தச் சட்டம் ஓட்டைப் பானைதான். நிலையான பண்ணையாளுக்குத்தான் பாதுகாப்பு என்றால் நிலையான பண்ணையாளே வேண்டாம் என்று பல மிராசுதார்கள் தினக்கூலிக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் பண்ணையாள் முறையே கரைந்துபோனது; பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் கூலியாட்களாக வெளியே நின்றார்கள். ஆனால் சட்டத்தின் பயனை நெல்லளவில் மட்டும் கணக்கிட முடியாது. துப்பாக்கி எடுத்த காலத்தில் கிடைக்காத ஒன்று, வாக்குப் போட்ட எட்டாவது மாதத்தில் கிடைத்தது. அதுவும் எதிரியின் கையிலிருந்து கிடைத்தது. அடுத்த கோரிக்கையை எங்கே கொண்டுபோவது என்பதைக் கூலிக்காரர் அதிலிருந்து கற்றார். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-இல் நியாய வாரச் சட்டம், 1961-இல் 30 தர ஏக்கர் என்ற உச்சவரம்பு ஆகியவை வந்தன. ஒவ்வொன்றும் தாமதம், ஒவ்வொன்றிலும் பினாமி. ஆனால் வரவு நிற்கவில்லை.

வரவு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 1931-இல் முடியாட்சி போய் அமைந்த அந்நாட்டின் இரண்டாம் குடியரசும் பெரும்பண்ணைகளையும் நிலமற்ற கூலிகளையும் மரபாகப் பெற்றது. தெற்கே அந்தலூசியாவின் பண்ணைக் கூலியைத் திருத்துறைப்பூண்டியில் கொண்டுவந்து நிறுத்தினால் மொழியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் புதிதாக இருந்திருக்காது. 1932-இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1933 ஜனவரியில் காசாஸ் வியேஹாஸ் என்ற சிற்றூரில் கூலிகள் கலகம் செய்தபோது, அரசின் காவல் படையே ஒரு குடிசைக்கு உள்ளே ஆட்களை வைத்துத் தீயிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட ஊரார் மாண்டார்கள். அவ்வாண்டு இறுதியில் வலதுசாரிகள் வென்று சீர்திருத்தத்தை முடக்கினார்கள். 1934-இல் இடதுசாரிகள் அஸ்தூரியாசில் ஆயுதம் ஏந்தினார்கள். 1936 பிப்ரவரியில் அவர்களே தேர்தலில் வென்றார்கள். மார்ச்சில் எக்ஸ்த்ரமதூராவில் பல்லாயிரம் கூலிகள் பண்ணைகளில் இறங்கி உழுதார்கள். ஜூலையில் ராணுவத் தளபதிகள் புறப்பட்டார்கள். தோற்ற தரப்பு அடுத்த தேர்தல்வரை காத்திருக்கலாம் என்ற நம்பிக்கையை இரு பக்கமும் ஐந்தே ஆண்டுகளில் இழந்துவிட்டது. நில உடைமையாளருக்கு அழைத்தால் வரக்கூடிய ராணுவமும் இருந்தது. தஞ்சை மிராசுதாருக்கு அடியாள் இருந்தான், போலீஸ் பல நேரங்களில் இருந்தது. அரசுக்குக் கட்டுப்படாத ராணுவம் இல்லை.

காசாஸ் வியேஹாஸின் குடிசை கீழத்தஞ்சைக்கும் வந்தது. 1960-இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது; ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. இரண்டு போகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கூலி உயர்வு கேட்க அதுவே தருணம் என்று சங்கம் கண்டது. நாகை வட்டாரத்தில் நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. அறுப்புக்கு வெளியாட்களை இறக்குவதும், செங்கொடியை இறக்கச் சொல்வதும், அபராதம் போடுவதுமாக மோதல் வளர்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் மீது வெளியே தாழிட்டுத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கதை என்று அது இன்றும் சொல்லப்படுகிறது. அரைப்படிக்குப் பின்னால் கொடி இருந்தது, கொடிக்குப் பின்னால் தலை நிமிர்ந்து நடப்பது இருந்தது.

இத்தகைய ஒரு நாளிலிருந்து கொரில்லாப் படை பிறப்பது உலகில் புதிதல்ல. முந்திய ஆண்டுதான் நக்சல்பாரி வெடித்திருந்தது; பசுமைப் புரட்சி சிவப்பாக மாறலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே 1969-இல் ஆய்வறிக்கை தயாரித்தது. கீழத்தஞ்சையின் கூலிக்காரர்கள் பெருந்திரளாக அந்தப் பக்கம் போகவில்லை. காரணத்தை 1967 தேர்தல் கூட்டணியில் தேடலாம். தி.மு.க. தலைமையிலான அந்த அணியில் நில உச்சவரம்பை எதிர்த்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது, செங்கொடிச் சங்கத்தை நடத்திய மார்க்சிஸ்டுக் கட்சியும் இருந்தது. வயலில் மோதியவர்களின் கட்சிகள் வாக்குச் சாவடியில் ஒரே பக்கம். கொள்கைக்காரர்கள் இதைச் சந்தர்ப்பவாதம் என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் நிலத்தின் கோடும் சாதியின் கோடும் கட்சியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கோடாகிவிடாமல் இந்தச் சந்தர்ப்பவாதமே தடுத்தது. ஆளுங்கட்சிக்குக் கூலிக்காரரின் வாக்கும் வேண்டும், நிலக்காரரின் வாக்கும் வேண்டும். முதல்வர் அண்ணாதுரை தம் அமைச்சர் கருணாநிதியைச் சம்பவ இடத்துக்கு அனுப்பினார்; ஓய்வுபெற்ற நீதிபதி கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது; 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சைக்கென வந்தது; உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தது. 1971-இன் குடியிருப்பு மனைச் சட்டம் இவற்றில் முக்கியமானது. குடிசை இருந்த மனை குடிசைக்காரருக்கே சொந்தமானது. கூலி கேட்டால் குடிசையைப் பிடுங்குவேன் என்ற பழைய ஆயுதம் அன்றோடு மழுங்கியது. 1971-லும் 1977-லும் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி கம்யூனிஸ்டு ஒருவரையே தில்லிக்கு அனுப்பியது.

மொழிப் பிரச்சினையும் இதே தடத்தில் போனது. தி.மு.க. திராவிட நாடு கேட்ட கட்சி; 1962-இல் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்த கட்சி. 1963-இல் இந்தியா அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்காதவர் தேர்தலில் நிற்க முடியாது என்றது. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தை உலுக்கியது, துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர், மாயவரத்தில் ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்து மாண்டார். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கோபம் வாக்குப் பெட்டிக்குள் இறங்கியது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். காங்கிரஸ் முடிவை ஏற்றுக் கோட்டையை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி சட்டமானது.

இலங்கையில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே முதல் கதவு விடுதலை பெற்ற ஆண்டிலேயே அடைபட்டது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டமும் மலையகத் தமிழரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின; அவர்களில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர் ஏராளம். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் பிரதேச சபைகளுக்கு உடன்பட்டனர். எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் போனார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழர் மீது கலவரம். 1965-இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவுடன் இன்னோர் ஒப்பந்தம். அதுவும் 1968-இல் கைவிடப்பட்டது. இருபெரும் சிங்களக் கட்சிகளும் ஆட்சியில் இருக்கையில் தமிழருடன் ஒப்பந்தம் போட்டன, எதிரணியில் இருக்கையில் ஒப்பந்தத்தை உடைத்தன. தமிழகத்தில் போட்டி கட்சிகளை நடுப்பக்கம் இழுத்தது. இலங்கையில் அதே போட்டி விளிம்புக்குத் தள்ளியது. தமிழர் வாக்கு தேவைப்படாமலே ஆட்சி பிடிக்க முடிந்தது என்பதே வேறுபாட்டின் வேர்.

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. புதிய அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிறுபான்மையினருக்குப் பழைய சட்டத்தின் 29-ஆம் பிரிவு தந்த காப்பை விட்டுவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டிய தரப்படுத்தல் வந்தது. பிளவு இனங்களுக்கு இடையே மட்டும் இல்லை என்பதற்கு 1971-இல் தெற்கே சிங்கள இளைஞர்கள் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கொடியின்கீழ் எழுந்ததே சான்று. ஆயிரக்கணக்கில் அவர்கள் கொல்லப்பட்டார்கள். 1976-இல் வட்டுக்கோட்டையில் தமிழ்க் கட்சிகள் தனிநாடு கோரின. அப்போதும் வாக்குச் சீட்டின் மீதே நம்பிக்கை வைத்து 1977 தேர்தலில் 18 இடங்கள் பெற்றுத் தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சியோ பாதியை ஒட்டிய வாக்குகளுக்கு 168-இல் 140 இடங்களைப் பெற்றது. பிறகு நடந்தவை விரைந்தோடின: 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிப்பு, 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக நாடாளுமன்ற ஆயுளை ஆறு ஆண்டு நீட்டித்த வாக்கெடுப்பு. 1977-இல் வாக்குரிமை வயது எட்டாத ஒரு யாழ்ப்பாண இளைஞர், 1989 வரை நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கும் போட வாய்ப்பில்லாமல் போனார்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட, கொழும்பு எரிந்தது. வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. அதன் சொற்கள் இந்தியாவின் 16-ஆவது திருத்தத்துக்குப் பெரிதும் நெருக்கம்: பிரிவினை கேட்பவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. ஒரே மருந்துதான், விளைவு வேறு. அண்ணாதுரை கோரிக்கையைக் கைவிட்டபோது அவருக்கு எதிரே அடுத்த தேர்தல் இருந்தது, ஒரு மாநிலத்தின் ஆட்சி இருந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் கைவிட்டிருந்தால் அவருக்கு எதிரே உடைந்த இரண்டு ஒப்பந்தங்களும் நடக்காத ஒரு தேர்தலும்தான் இருந்திருக்கும். கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தார்கள். மிதவாதிகள் வெளியேறிய அறையில் ஆயுதக் குழுக்கள் மட்டும் எஞ்சின. அக்குழுக்கள் விரைவில் ஒன்றையொன்று கொன்றதும், 1989-இல் அமிர்தலிங்கத்தையே விடுதலைப் புலிகள் சுட்டதும், போர் ஒருமுறை மூண்டுவிட்டால் யாருடைய நியாயத்துக்கும் கட்டுப்படாது என்பதன் பகுதி.

அந்தப் போரின் பின்தளமாகத் தஞ்சை மண்ணும் ஆனது. வேதாரண்யம் கரையில் படகுகள் வந்திறங்கின. ஒரத்தநாட்டுப் பகுதியில் புளொட் இயக்கம் பயிற்சி முகாம் நடத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தலைமறைவுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போலீஸ் அலைந்த அதே மாவட்டம், இப்போது வேறொரு நாட்டின் போராளிகளுக்குச் சோறு போட்டது.

இதை இந்தியாவின் தனிப் பெருமையாகக் கொள்வதற்கில்லை. 1987-இல் காஷ்மீர் சட்டமன்றத் தேர்தல் முறைகேடாக நடத்தப்பட்டபோது, தோற்றதாக அறிவிக்கப்பட்ட வேட்பாளர்களிலும் அவர்களது தேர்தல் முகவர்களிலும் சிலர் எல்லை கடந்து துப்பாக்கியுடன் திரும்பினார்கள். குடியரசு அதேதான், அரசியல் சட்டமும் அதேதான். திருத்துறைப்பூண்டியில் எண்ணப்பட்ட வாக்கு ஸ்ரீநகரில் எண்ணப்படவில்லை.

கீழத்தஞ்சையிலும் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. வெண்மணி வழக்கில் 1970-இல் கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதே இரவில் நில உடைமையாளர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர் தரப்புக்குத் தண்டனை கிடைத்தது. சட்டமன்றமும் தேர்தலும் செய்ததை நீதிமன்றம் செய்யத் தவறியது. தவறிய அந்த ஓரிடத்தில்தான் ஆயுதம் நுழைந்தது. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை போராகப் பரவவில்லை. வெண்மணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று நினைவிடத்தில் கொடியேற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அங்கே எரிந்த 44 பேருக்காக இறுதித் தீர்ப்பில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை.